பெட்டிக்குக் கீழே என் பெயர்

மார்ச் 5, ஞாயிறு

மரவேலைக் கூட்டத்துக்கு இன்று இரண்டாம் தடவை போனேன். கூட்டம் என்றால் ஏழெட்டுப் பேர்தான். மூடிக்கிடக்கும் ஓர் அச்சகத்தின் பின்கொட்டகையில் ஞாயிறுதோறும் சேர்கிறார்கள். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஒருவர் பல் டாக்டர். ஒருவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். ஒரு நர்ஸ் பெண்ணும் வருகிறாள். ஆசைக்கு மரம் அறுக்கிறவர்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் தன் கையால் செய்து முடித்த முதல் சாமானைக் கொண்டுவந்து அலமாரியில் வைக்க வேண்டும். கீழே பெயர் எழுதிய அட்டை. கோணலோ மாணலோ, அது அங்கேயேதான் இருக்கும். டிரைவர் அண்ணனின் முதல் முக்காலி இன்றைக்கும் ஆடுகிறது. அதில் உட்கார்ந்தால் வேகத்தடை ஏறி இறங்கினதுபோல் இருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

நான் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன்.

அது என் வீட்டுக்காரர் செய்தது. நான்கு பக்கமும் முடித்து, அடிப்பலகையும் போட்டு வைத்திருந்தார். மூடி போடுவதற்குள் போய்விட்டார். நாலு மாசம் ஆகிறது. மூடி மட்டும் நான் செய்து போட்டேன். அவர் வேலையை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் எடுத்துப் போனேன். சத்தியமாக அப்படித்தான்.

பல் டாக்டர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலைகளில் புறாவால் பொருத்து. பலகை முனையைப் புறாவின் வால்போல விரித்து வெட்டி, இன்னொரு பலகையின் பள்ளத்தில் கோத்துவிடுவது. ஆணி கிடையாது. நகம்கூட நுழையாது.

"இதையா முதல் சாமான்னு சொல்றீங்க? நீங்களேவா செஞ்சீங்க?"

தலை ஆடியது. என் தலைதான். ஆம் என்று ஆடியது.

மார்ச் 6

ஏன் ஆட்டினேன்?

மார்ச் 8

வேலை முடிந்து வந்து பின்னறையில் இழைப்புளி தள்ளினேன். சீவல் சுருள் சுருளாக வந்து விழுகிறது. அந்த நேரம் மட்டும் மனசு எங்கேயும் ஓடுவதில்லை. பலகை, கை, அந்தச் சத்தம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது, இவ்வளவு நேரம் அவரை நினைக்கவே இல்லை என்று. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இது ஒரு சந்தோஷமா? அதுவும் அவர் இழைப்புளியை வைத்துக்கொண்டு.

அவர் இருந்தபோது இந்த அறைக்குள் நான் வந்ததே பெருக்கத்தான். "வீடா இது, மரக்கடையா" என்பேன். பதினாறு வருஷத்தில் அவர் செய்த ஒன்றைக்கூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. நாற்காலி செய்தபோது, கடையில் இதைவிட மலிவு என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூச்ச சுபாவம். இப்படி ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தும் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவர். ஒரு மனுஷருக்கும் காட்டியதில்லை.

அவருக்கு முதன்முதலாகக் கிடைத்த பாராட்டு அது. அதை நான் வாங்கி முடிந்துகொண்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது இன்று. வாய்விட்டுக் கத்தவும் முடியாது.

அலமாரியில் பெட்டி. கீழே என் பெயர். நர்ஸ் பெண் நல்ல கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நான் எழுதியிருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது. எட்டாவதோடு நின்ற கை.

டிரைவர் அண்ணன் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் நிமிர்ந்து வளைந்திருந்தது. பச்சை மரத்தில் செய்துவிட்டேன். காயக் காய வளையும் என்று அப்போது எனக்குத் தெரியாது. "பெட்டிக்கு இவ்ளோ பாத்து மரம் எடுத்தவங்க மூடிக்கு எப்படிம்மா ஏமாந்தீங்க" என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் பல் டாக்டர் பரிந்துகொண்டு வந்துவிட்டார், யானைக்கும் அடி சறுக்கும் என்று. அதோடு விட்டாரா? இருபத்தாறாம் தேதி எல்லோருக்கும் நான் புறாவால் வெட்டிக் காட்ட வேண்டுமாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

மார்ச் 14

நாத்தனார் போன் செய்தாள். அவருக்கு ஒரே தங்கை. அடுத்த தெருதான், ஆனாலும் அவர் போன பிறகு போனில்தான் பேசுகிறாள். இந்த வீட்டுக்குள் வர முடியவில்லையாம்.

"அண்ணன் எனக்கு ஒரு பெட்டி செஞ்சிட்டிருக்கேன்னு சொல்லிச்சு, அண்ணி. பாதியில நின்னிருந்தாலும் பரவாயில்ல. எடுத்து வைங்க."

அவளுக்கா அது? எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் சொல்லவே இல்லை. நான் கேட்டால்தானே சொல்ல.

தேடிப் பார்த்தேன், காணோம் என்றேன்.

ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். எவ்வளவு சரளமா வருது என் வாயில.

மார்ச் 20

ஆறு நாளாக வெட்டிப் பழகுகிறேன். கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும், கோட்டின் மேலேயே அறுக்கக் கூடாது. அறுத்தால் பொருத்து தளர்ந்து லொடலொடவென்று ஆடுகிறது. பதினோரு துண்டு வீண். அவர் எத்தனை துண்டு வீணாக்கியிருப்பார்? அதையும் நான்தான் கூட்டி அள்ளி வெளியே கொட்டினேன், முணுமுணுத்துக்கொண்டே.

மார்ச் 23

போகாமல் இருந்துவிடலாமா? காய்ச்சல் என்று சொல்லலாம். அது மூன்றாவது பொய்.

மார்ச் 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நர்ஸ் பெண் படம் எடுக்க போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் கோடு போட்டேன். வெட்டி எறிய வேண்டிய பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன். குழம்பாமல் இருக்கத்தான் அந்தக் குறி. ரம்பத்தை எடுத்தேன். குறி போட்ட பக்கத்தை விட்டுவிட்டு, இருக்க வேண்டிய பக்கத்தை அறுத்துக் கீழே தள்ளினேன்.

பல் டாக்டர், "நல்ல பல்லப் புடுங்கிட்டீங்களே" என்றார். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். பதற்றத்தில் கை தவறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வேறு துண்டுகூட எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்தத் துண்டைக் கையில் வாங்கினேன். வாங்கினதும் அதற்கு மேல் முடியவில்லை.

"பெட்டி நான் செய்யல. என் வீட்டுக்காரர் செஞ்சது. மூடி மட்டுந்தான் என்னோடது."

நர்ஸ் பெண் போனைத் தாழ்த்தினாள். பல் டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "மூணு வாரமா உங்க கையைப் பத்தி நான் பாக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன்" என்றார். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

டிரைவர் அண்ணன்தான் அலமாரிக்குப் போய் அட்டையை எடுத்து வந்தார். பின்பக்கம் திருப்பி என் முன்னால் வைத்தார். பென்சிலை நீட்டினார்.

"அவர் பேரை எழுதும்மா."

எழுதினேன். என் கோணல் எழுத்தில்தான். ஒரே ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம்.

ஏப்ரல் 1

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். இரண்டும் ஆயிற்று இன்று. நாத்தனார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே சொன்னேன், பெட்டி இருக்கிறது, என் பெயரில் இருக்கிறது என்று. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணன் பேரை எடுத்துட்டா உங்க பேர வச்சீங்க?"

அவர் பெயர் முதலில் அங்கே இல்லவே இல்லை என்று விளக்கப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். என்ன விளக்கம் வேண்டியிருக்கு.

ஏப்ரல் 2, ஞாயிறு

கொட்டகைக்கு அவளை அழைத்துப் போனேன். உறுப்பினர் செய்த முதல் சாமான் இல்லையே, தாராளமாகக் கொண்டுபோங்க என்று டிரைவர் அண்ணன் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் உள்ளே விரலைவிட்டு நான்கு மூலையையும் தடவினாள். பல் டாக்டர் பக்கத்தில் வந்து, இந்த மாதிரி வேலை நாங்க யாரும் செஞ்சதில்லம்மா, உங்க அண்ணனை ஒரு தடவையாவது பாத்திருக்கணும் என்றார். அவள் அழுதாள். அந்தச் சொல் சேர வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலாவது சேர்ந்ததே.

பிறகு மூடியைக் கழற்றினாள். "இதானே உங்களோடது" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைந்த மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

போகவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று கேட்டால், இருக்கிற முகம் இதுதான்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பல் டாக்டர் தலையை அசைத்ததோடு சரி. முன்போலப் பேச்சில்லை. டிரைவர் அண்ணன் மட்டும், "போன வாரம் வண்டி ஸ்பேரா, டிப்போவிலேயே நின்னுடுச்சா" என்றார். ஓரத்து மேசையில் நின்று வெட்டினேன். பதின்மூன்றாவது துண்டு. கோத்துப் பார்த்தால் நடுவில் இடைவெளி, ஒரு நாணயம் போகும். நர்ஸ் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, என்னோடதுல ரெண்டு போகும் அக்கா என்றாள். சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் செய்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்லா இருக்குங்க என்றேன். வெறும் அறையில். கேட்க ஆளில்லாத இடத்தில் சொல்வது சுலபம்தான்.

ஏப்ரல் 28

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள். நலமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"பெட்டிக்குள்ள தூசி விழுது. துணி போட்டு மூடினா நல்லாவே இல்ல."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல இருப்பேன். அளவெடுக்கணும்னா பெட்டி இங்கேதான் இருக்கு. வெளிய குடுக்க மாட்டேன்."

சரி என்றேன். உடனே, இந்த முறை காய்ந்த மரமாகப் பார்த்து எடுக்கிறேன் என்றும் சொன்னேன். அவளுக்கு அது புரிந்திருக்காது. போனை வைத்துவிட்டாள்.

மரக்கடை எட்டு மணிக்குத் திறக்கிறான். நாளைக்குப் போய், ஒரு வருஷமாவது காய்ந்த பலகை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.