க 7 பாறை

ஜூன் 13, 1994. திங்கள்.
சாரல் இல்லை, காற்று மட்டும். பாளை பஸ்ஸில் நின்றபடியே பயணம். சட்டையில் ஒரு பட்டன் போச்சு.

பேராசிரியர் (இனி பே. முழுதாக எழுத மை வீண்) என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி எறிந்தார். என் கட்சி: மலை எழும்பி, பழைய பாறை மடிந்து, எல்லாம் அடங்கிய பிறகு கீழிருந்து உருகி ஏறி இறுகியது இந்தக் கருங்கல். அவர் கட்சி: மலையோடு சேர்ந்தே மடிந்தது. காலமெல்லாம் அதையே பாடம் நடத்தியாயிற்று, மாற்ற வாய் வராது.

சான்று சேரன்மாதேவிக்கு மேற்கே, குவாரியில். வரிவரியாக மடிந்த கறுப்புப் பாறைத் துண்டு, இளஞ்சிவப்புக் கருங்கல்லுக்குள் முழுசாகச் சிக்கிக் கிடக்கிறது. மடிப்பு முந்தி, கருங்கல் பிந்தி. கல்லின் பக்கவாட்டில் அடையாள எண்ணாகச் சிவப்புப் பெயின்டில் 'க 7' என்று எழுதியதும் நான்தான். எடுத்த பிலிம் வெளிச்சம் பட்டுப் பாழ்.

பே.: "நானே போயிப் பாத்தேன் வே. நீரு சொல்லுத மாதிரி அங்கன ஒண்ணுமே இல்ல. வெயில்ல கண்ணு கட்டிருச்சோ?"

அறையில் எல்லாரும் சிரிப்பு. நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 15, புதன்.
வாங்க: பிலிம், பட்டன், தலைவலி மாத்திரை.

குவாரி. பாறையே இல்லை. வெடி வைத்து எடுத்துவிட்டார்கள். குழியில் பச்சைத் தண்ணீர், ஒரு செத்த ஓணான். மேஸ்திரி: "கறுப்பு விழுந்த கல்லு ஏத்துமதிக்கு ஆவாது அண்ணாச்சி. கேட்டவங்களுக்குச் சும்மா குடுத்தாச்சு."

யாருக்கு? "அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

உட்கார்ந்து அழுதேன். எழுத வெட்கம். எழுதிவிட்டேன்.

ஜூன் 16, வியாழன்.
நாளைக்குள் அவர் சொன்னபடி மாற்றாவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. மாற்றினேன். "மலையோடு சேர்ந்தே மடிந்தது." அம்மா: "எதுக்குல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சோறு ஆறுது." சாப்பிடவில்லை. அந்த ஆளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 17, வெள்ளி.
தூறல். அத்தியாயத்தோடு பே. வீடு. அவர் மனைவி: "அவுக குளிக்காவ தம்பி. முன் ரூம்ல பெயின்டு அடிக்காங்க, பின்னால வந்து உக்காருங்க."

கொல்லையில் புதுத் துவைகல். இளஞ்சிவப்பு. நடுவில் வரிவரியாக மடிந்த கறுப்புத் துண்டு. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டு. 'க' பாதி, 7 முழுசு.

"நல்ல கல்லு தம்பி. குவாரியில சும்மா குடுத்தாங்களாம். இவுகளே போயிப் பாத்து எடுத்துட்டு வந்தாவ."

நானே போயிப் பாத்தேன் வே. அன்று அறையில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

ஈரத் தலையோடு, கையில் சோப்பு டப்பாவோடு வந்தான். "மாத்தி எழுதிட்டீரா வே?"

அத்தியாயம் பையிலேயே இருந்தது. குவாரிக்குக் கொண்டுபோனதிலிருந்து அதிலேயே கிடந்த கேமராவை எடுத்தேன். கல்லில் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். பாறையைப் படம் எடுத்தால் அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பொருள் வைக்க வேண்டும். அவன் பாடத்தில் முதல் நாள் சொல்வதே அதுதான்.

"அந்தச் சோப்பு டப்பாவக் கொஞ்சம் குடுங்க சார்" என்றேன்.

கொடுத்தான்.