நாலாவது வாளி புரோக்கோலி

டிசம்பர் 18, வியாழன். விடிஞ்சதுலேருந்து மழை.

நீயே சொல்லு முருகா, நாலு வாளி புரோக்கோலியில நாலாவது ஒன்னுதான் தலை வெச்சுச்சு, அந்த ஒன்னையும் காணோம்னா நான் யாரப் போய்க் கேக்கறது? எலின்னா பிச்சுப் பிச்சுப் போட்டிருக்கும். இது கத்தி. சரிச்சு, சுத்தமா அறுத்திருக்கு.

மூணு நாளு இவரோட ஆஸ்பத்திரியில கெடந்தேன். நெஞ்சுல அடைப்பு. ஸ்டென்ட் வெச்சு இன்னைக்குத்தான் வீட்டுக்கு விட்டாங்க. வந்ததும் பின்னாடி ஓடுனேன், வெறும் தண்டு நிக்குது. இவரு உசுரோட திரும்பணும், மொதத் தலை உன் கோயில் அன்னதானத்துக்குன்னு நேந்துக்கிட்டது உனக்குத் தெரியாதா?

லண்டன்லேருந்து மக சிரிச்சா. "அதுக்கு குளிரு வேணும்மா, மலேசியாவுல, அதுவும் கிள்ளான்ல ஏது விண்டரு?" தெனம் மத்தியானம் ஐஸ் கட்டி போட்டு வளத்தேன். பெயிண்ட் வாளியில. ஒரு கைப்பிடி அளவுதான். ஆனா வந்துச்சில்ல!

பக்கத்து வீட்டு புஷ்பம் மேலதான் சந்தேகம்.
– தண்ணி ஊத்தச் சொல்லி பின்பக்கக் கேட்டு சாவிய அவகிட்டதான் குடுத்தேன்.
– போன வாரமே எட்டிப் பாத்து, "அக்கா, இத மொளகா சம்பல்ல பெரட்டுனா செமயா இருக்கும்லா."
– இன்னைக்கு வேலிகிட்ட நின்னு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சுக்கா, கவலப்படாத"ங்கறா. ஆஸ்பத்திரியில இருந்தது நானா அவளா?

இவரு மாத்திர: காலையில மூணு, ராத்திரி ரெண்டு. உப்பு கூடாது.

டிசம்பர் 19, வெள்ளி. மழை இல்ல. புழுக்கம்.

காலையில இவரு நெஞ்சத் தடவுறாரு. "லேசா இழுக்குது"ன்னாரு. நேந்தது குடுக்கல, அதானே?

கோயிலுக்குப் போய் கன்னத்துல போட்டுக்கிட்டேன். அடுத்த தலைய சத்தியமா கொண்டாந்துடறேன், இவர ஒன்னும் பண்ணிடாதன்னு. அன்னதானம் சுமார்தான். சாம்பார்ல பச்சையா என்னமோ, கொழகொழன்னு. பாசார்ல மிஞ்சி நெறம் மாறுன காலிபிளவரு போல. இலை ஓரமா ஒதுக்கிட்டேன்.

புஷ்பம் வீட்டுல சம்பல் வாசன.

டிசம்பர் 20, சனி.

வேலிகிட்ட நின்னு பூனைய ஏசுனேன். "அடுத்தவ வீட்டு வாளியில வாய வெக்கிறியே, சாமிக்கு வெச்சதுன்னு தெரியாது?"

புஷ்பம் தலைய நீட்டுனா. "யாரக்கா ஏசுற?"

"பூனைய."

"பூன செவனேன்னு தூங்குதே?"

"சாவியக் குடு புஷ்பம்."

குடுத்துட்டா. மூஞ்சி செத்துப்போச்சு. "நான் ஏதும் தப்பா செஞ்சிட்டேனாக்கா? நீ சொன்னதத்தானே செஞ்சேன்."

கதவச் சாத்திட்டேன். சொன்னதயாம்! திருடச் சொன்னேனா?

மத்தியானம் கேசரி குடுத்து விட்டா. திருப்பி அனுப்பிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு. மறுபடி மழை.

இவருக்குத் தேவலாம். போன் போட்டுக் கேட்டதுக்கு டாக்டர் வெறும் வாயுக் காத்துதான்னு சொல்லிட்டாரு. தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே கேக்கறாரு: "என்னைய ஆப்பரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப போன்ல யாருகிட்டடி அப்படிக் கத்துன? நர்ஸு கூட ஏசுச்சே."

நானா? அப்ப எனக்குக் கண்ணே தெரியல, முருகா முருகான்னுதான்

ஐயோ.

புஷ்பம்தான் கூப்பிட்டிருந்தா. "அக்கா, தலை மஞ்சளா திரும்புது, பூத்துரும் போல." நான்தான் கத்துனேன். "பூத்தா சாமிக்கு ஆகாது, இப்பவே அறுத்து கோயில்ல குடுத்துடு, வெள்ளிக்கிழம அன்னதானத்துக்குன்னு சொல்லு."

அப்ப நான் இலை ஓரமா ஒதுக்குனது