ஒரு சைஸ் பெரிய பூட்ஸ்

வாத்தியாரம்மாவுக்கு,

நேற்று மாலை சோபாவில் உன் தம்பி, தரையில் நம் மகள், நாற்காலியில் நீ, உன் காலடியில் பூட்ஸ் பெட்டியோடு நான். "பனியில நடக்க ரெண்டு சாக்ஸ் போடணும், ஒரு சைஸ் பெருசா வாங்குங்க" என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். நான் கேட்டேனா? உன் வழக்கமான சைஸிலேயே வாங்கி வந்தேன். "கல்யாணமான நாளா உனக்குச் செருப்பு வாங்குறவன் நான். பூட்ஸ் கேக்குறியா, படகு கேக்குறியா?" என்று எல்லார் எதிரிலும் சிரித்தேன். நீயோ இரண்டு சாக்ஸோடு காலைத் திணித்து, மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டி, "கச்சிதமா இருக்குங்க" என்றாய். என் மானத்தைக் காப்பாற்ற!

காலையில் போர்வைக்கு வெளியே உன் விரல்களைப் பார்த்தேன். கன்றிச் சிவந்திருந்தன. அந்த இறுக்கத்தோடு பனியில் நடந்தால் ரத்தம் ஓடாமல் விரலே போய்விடும். உன்னை எழுப்பிச் சொல்ல எனக்கு முகமில்லை.

நாளை நீ பனிமலைப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டும். அதனால் பூட்ஸை மாற்றிவர இப்போதே கடைக்குப் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி ஆணியில்.

பி.கு.: உன் தம்பி வந்தால் நடந்ததை நானே சொல்கிறேன். நீ எனக்காகப் பேசாதே.

இன்னொன்று: கடையில் காட்ட உன் பாதத்தைத் தாளில் வரைந்தேன். தூக்கத்திலேயே ஓர் உதை விட்டாய். வாங்க வேண்டிய உதைதான்.

உறையை ஒட்டி உன் செருப்புக்குள் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.