நீர்த்தேக்கத்துக்கு ஒரு சமுத்திரப் பை

2025 பெப்ரவரி 11

இன்று முதல் நான் கப்பல் கவிழ்வதற்குப் பொறுப்பாளர். எங்கள் ஹோட்டலில் கப்பல் இல்லை. பதினாறு அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் விருந்தினர்களை ஒரு வட்டம் சுற்றிக் காட்டி, தேநீர் கொடுத்து, கரையில் இறக்கிவிடும். அவ்வளவுதான் அதன் கடல் வாழ்க்கை.

போன மாதம் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதியிருக்கிறார். தேநீர் அருமை, கட்டில் அருமை, ஆனால் படகில் அவசரப் பை இல்லை. கப்பலைக் கைவிட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு குதிப்பதற்கென்றே ஒரு பையை எப்போதும் தயாராக வைத்திருப்பார்களாம். மெல்பேர்னில் இருக்கும் முதலாளி அதைப் படித்துவிட்டார். முதலாளி படித்தது மெனேஜர் றொக்சன் சேருக்குத் தலைவலி. அவருடைய தலைவலி பன்னிரண்டு மணிக்குள் ரிசெப்ஷனுக்கு, அதாவது எனக்கு, வந்து சேர்ந்துவிட்டது.

"இசபெல், உங்களுக்குத்தானே இங்கிலீஷ் நல்லா வரும். லிஸ்ட் நெட்ல இருக்கு. பார்த்து அடுக்கிடுங்க."

இங்கிலீஷ் தெரிந்தால் நீரில் மூழ்கமாட்டோம் போலிருக்கிறது.

பெப்ரவரி 12

பட்டியல் வந்தது. இருபத்தேழு பொருட்கள். மூன்று நாளைக்குக் குடிதண்ணீர். கடல்நீரை நன்னீராக்கும் கருவி. தூண்டில். விமானத்துக்குச் சைகை காட்டக் கண்ணாடி. வெயிலுக்குப் பூசும் கிரீம். கடவுச்சீட்டுப் பிரதிகள்.

படகோட்டி வீரய்யா அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். முன்பு தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர், இப்போது ஆறு வருடமாகப் படகு ஓட்டுகிறார். கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"மூணு நாளைக்கா புள்ள? அந்தக் கரையில எறங்கி நடந்தா கால் மணித்தியாலத்துல டீக்கடை வந்துருமே."

"கடவுச்சீட்டு வேணுமாம்ணே."

"அந்தக் கரை வேற நாடா?"

தங்கச்சி அனுஷ்காவிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவள் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவள், எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். "லயத்துக் கூரை பறந்தா தூக்கிட்டு ஓட யாராச்சும் பை தாராங்களா?" என்றாள். தரவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைப் பற்றி யாரும் இணையத்தில் எழுதுவதில்லை.

பெப்ரவரி 15

பை கொழும்பிலிருந்து வந்துவிட்டது. மஞ்சள் நிறம், தண்ணீர் புகாத ரகம். ஜிப் இல்லை. வாயை மூன்று தரம் சுருட்டிக் கொக்கியை மாட்ட வேண்டும். ஒரு குளியல் துவாயை உள்ளே வைத்துப் பழகிப் பார்த்தேன். உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பலூன் மாதிரி நின்றது. காற்றை வெளியேற்ற அதன் மேல் உட்கார வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து இரண்டு விருந்தினர்கள் சாவி வாங்க வந்தார்கள். எழுந்து குட் மோர்னிங் சொன்னேன். மாலை நாலரை மணி.

பெப்ரவரி 16

இன்று படகுத்துறையில் வீரய்யா அண்ணனிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"ஒங்களுக்கு நீந்தத் தெரியும்தானேண்ணே?"

"இல்ல புள்ள."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மலையில் பிறந்தவனுக்கு யார் நீச்சல் பழக்கினார்கள் என்று கேட்டார். ஓட்டத்தான் பழக்கினார்களாம்.

உயிர்காப்பு அங்கிகளை எண்ணினேன். நான்கு. படகில் ஐந்து பேர் போகலாம்.

"அப்ப அஞ்சாவது ஆளு?"

"அஞ்சாவது ஆளு நாந்தான்."

திரும்பி வந்து பட்டியலைக் கிழித்துப் போட்டேன். இல்லை, மடித்து வைத்தேன். கிழித்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். புதிதாக ஒரு பட்டியல் எழுதினேன். நைலோன் கயிறு. விசில் இரண்டு. டோர்ச். தண்ணீர் இறைக்க ஒரு ஜக். குளிர் தாங்கும் வெள்ளித்தாள் போர்வை ஐந்து. காயத்துக்குத் துணி. பொலித்தீனில் சுற்றிய பழைய போன். கூடவே, பெரிய எழுத்தில்: இன்னும் ஒரு அங்கி.

பெப்ரவரி 18

அங்கி இப்போது இல்லை என்கிறார் றொக்சன் சேர், அடுத்த காலாண்டில் பார்க்கலாமாம். ஏற்கெனவே உள்ளவையும் படத்தில் நன்றாக விழுவதில்லையாம், அந்த ஆரஞ்சு நிறம் மலையின் பச்சைக்குப் பொருந்தவில்லையாம். மூழ்குபவர்கள் மலைக்குப் பொருத்தமான நிறத்தில் மூழ்க வேண்டும்.

விசில் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்த்தேன். விருந்தினர் ஓய்வெடுக்கிறார்கள் என்று றொக்சன் சேர் பிடுங்கிக்கொண்டார். மாலையில் திருப்பித் தந்தார். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெப்ரவரி 20

பை தயார். எல்லாப் பொருளும் உள்ளது என்று தாளில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். றொக்சன் சேர் பையைப் படகில் வைத்து, பின்னால் சிவனொளிபாத மலை தெரிகிற மாதிரி பதினெட்டுப் படம் எடுத்தார். மெல்பேர்னுக்கு அனுப்பியாயிற்று. மெல்பேர்ன் பாதுகாப்பாக இருக்கிறது.

மார்ச் 5

விபூதிப் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் சிலுவை பூசிக்கொண்டு நேரே வேலைக்குப் போனேன். நெற்றியில் அழுக்கு இருக்கிறது, துடைத்துக்கொள்ளுங்கள் என்றார் மெனேஜர்.

மார்ச் 17

தண்ணீர் இறங்கிவிட்டது. நீர்த்தேக்கம் கட்டியபோது முழுகிப்போன பழைய மஸ்கெலியாவின் சுவர்களும் கோயிலும் ஒவ்வொன்றாகத் தலை காட்டுகின்றன. விருந்தினர்களுக்கு ஒரே ஆசை. 'மூழ்கிய நகரச் சுற்றுலா' என்று றொக்சன் சேர் பலகை வைத்துவிட்டார்.

வீரய்யா அண்ணன் அவரிடமே போய்ச் சொன்னார்.

"கோயில் பக்கம் வேணாங்க சேர். வெளிய தெரியிற சொவத்தச் சுத்திப் போயிரலாம். தண்ணிக்குள்ள ஒரு சாணுல நிக்கிற சொவரு தெரியாதுங்க."

"ஆறு வருஷமா ஓட்டுறீங்க, இன்னும் பயமா?"

"ஆறு வருஷமா ஓட்டுறதாலதாங்க."

பதில் பிடிக்கவில்லை. ஓட்டமாட்டேன் என்றால் ஓட்டுகிற ஆளைப் பார்க்கலாம் என்றார் சேர். வீரய்யா அண்ணன் படகைத் துடைக்கப் போய்விட்டார்.

மார்ச் 23

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, கூட மாப்பிள்ளையின் அம்மா. தேநீர் பரிமாற நான். ஓட்ட வீரய்யா அண்ணன். ஐந்து பேர், நான்கு அங்கி. என்னுடையதைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். "போடு புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்றார். போட்டுக்கொண்டேன்.

மஞ்சள் பையை மெனேஜரே துறையில் கொண்டுவந்து தந்தார். கனமாக இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. இதை எழுதிவைக்க வேண்டும். நான் திறந்து பார்க்கவில்லை.

மூன்று மணி இருக்கும். கோயிலுக்குக் கிட்ட வரும்போது மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. பின்னாலேயே மூடுபனி. திருப்பிவிடலாம் என்று வீரய்யா அண்ணன் சொல்லி வாய் மூடவில்லை, அடியில் ஒரு சத்தம். சுவர். படகின் முன்பக்கம் பிளந்து தண்ணீர் பொங்கி ஏறியது. அந்தச் சுவரிலேயே ஏறி நிற்கலாம் என்று மாப்பிள்ளை காலை வைத்தார். பாசி. வழுக்கி ஆழத்தில் போனார். நல்ல வேளை, அங்கி தூக்கிவிட்டது.

நான் பையைத் திறந்தேன். கயிற்றுக்காக.

உள்ளே வைன் கிளாஸ் நான்கு, துவாயில் பக்குவமாகச் சுற்றி. ஒரு போத்தல். பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர். சீஸ்.

நான் அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தேன். வீரய்யா அண்ணன்தான் சத்தம் போட்டார். "எல்லாத்தையும் கொட்டு புள்ள. காத்த அடைச்சு மூடு."

கொட்டினேன். வாயைச் சுருட்டிக் கொக்கியை மாட்டினேன். அப்போதுதான் படகு சாய்ந்தது. பையை அவர் மார்பில் திணித்தேன். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

ஐயோ, என்ன குளிரு. மூச்சு வரல. கொழும்பு அம்மா என் கையப் புடிச்சாங்க, நான் மருமகளப் புடிச்சேன், மாப்பிள்ளை வந்து அண்ணன் சட்டையப் புடிச்சாரு. கத்துறோம், காத்து சத்தத்த அள்ளிட்டுப் போகுது. அப்பதான் கோட்டுப் பையில விசில் கெடக்குறது ஞாபகம் வந்துச்சு. மறந்துபோய் வச்சிருந்தது. கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்ல, வெறும் மறதி.

ஊதினேன். உதடு மரத்துப்போகும் வரைக்கும் ஊதினேன். கரையோர மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்டிருக்கிறது. அவர்கள் ஒன்றாகக் கூவ, கீழே வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு சிங்கள மீன்காரர்கள் தோணியைத் திருப்பினார்கள். மூடுபனிக்குள் விசில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். இருபது நிமிடம் என்கிறார்கள். இருக்கலாம்.

வீரய்யா அண்ணனைக் கடைசியாகத் தூக்கினார்கள். பையை அவர் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை. நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சு விடுகிறார்.

மார்ச் 24

நான் அடுக்கிய பொருட்கள் எல்லாம் ஸ்டோர் அலுமாரியில் பத்திரமாக இருந்தன. அட்டைப் பெட்டியில், துடைத்துத் தூசு தட்டி. மெனேஜர் எதையும் வீணாக்குபவர் அல்ல.

மார்ச் 29

அறிக்கை தயார் என்று கூப்பிட்டார். வாசித்தேன். நல்ல இங்கிலீஷ். படகோட்டி அறிவுறுத்தலை மீறிக் கோயில் பக்கம் போனாராம். அங்கி அணிய மறுத்தாராம். அவசரப் பை முழுமையாக இருந்ததாம். அதற்கு ஆதாரமாகப் பெப்ரவரி இருபதாம் திகதித் தாள் இணைக்கப்பட்டிருக்கிறது. என் கையெழுத்தோடு.

"நீங்க சாட்சிக்கு ஒரு சைன் வச்சா முடிஞ்சுது."

"பையில கிளாஸ்தானே சேர் இருந்துச்சு."

"பை முழுசா இருக்குன்னு எழுதி சைன் வச்சது நீங்க. கிளாஸ் இருந்துச்சுன்னா, செக் பண்ணாம ஏத்துனது யாரு? யோசிங்க இசபெல். ஒங்களையும் சேர்த்துத்தான் நான் காப்பாத்துறேன்."

மூன்று நாள் யோசிக்கத் தந்திருக்கிறார். நல்ல மனுஷன்.

மார்ச் 30

ஞாயிறு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீரய்யா அண்ணன் உட்கார்ந்திருந்தார். குரல் இன்னும் கரகரப்பு. அவருக்கும் செய்தி போயிருக்கிறது.

"சைன் வச்சிரு புள்ள. எனக்கு மருந்தடிக்கிற வேலை தெரியும். ஒனக்கு இத விட்டா என்ன இருக்கு?"

நீந்தத் தெரியாத மனுஷன். மிஞ்சியிருந்த ஒரு அங்கியை எனக்கு விட்டார். இப்போ என்னோட வேலையயும் எனக்கே விடுறாரு. எவ்வளவுதான் ஒருத்தர் குடுப்பாரு? நான் என்ன, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டே இருக்கவா?

ஒரு தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1

மெனேஜர் தந்த மூன்றாவது நாள். காலையில் ஹோட்டலுக்குப் போகவில்லை, பொலிஸுக்குப் போனேன். அனுஷ்கா பாடசாலைக்கு லீவு போட்டுக் கூட வந்தாள். வாசலில் வைத்து "ஒன்னையும்தான் அக்கா குத்தம் சொல்லுவாங்க" என்றாள். "சொல்லட்டும், அது நெசம்தானே" என்றேன்.

சிங்களத்தில் சொன்னேன். எனக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம்தான், பொய் சொல்லும் அளவுக்கு வராது. கோயில் பக்கம் வேண்டாம் என்று படகோட்டி சொன்னதையும், மெனேஜர் அனுப்பியதையும், நான்கு அங்கியையும், கிளாஸையும் சொன்னேன். பையைத் திறந்து பார்க்காமல் ஏற்றியது நான் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "அதை நான் கேட்கவில்லையே" என்றார். தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார்.

பிறகு ஹோட்டலுக்குப் போய், கையெழுத்து வைக்கமாட்டேன் என்று றொக்சன் சேரிடம் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். இங்கிலீஷில் சொன்னார். நன்றாகவே விளங்கியது.

ஏப்ரல் 9

வீட்டில் இருக்கிறேன். லயத்துக்கு ஒருத்தராக வந்து என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். பழைய வேலைதான், சீருடை மட்டும் இல்லை.

ஏப்ரல் 20

உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்து வந்தபோது கொழும்பு அம்மாவின் போன். மெல்பேர்னுக்கு அவரே பேசிவிட்டாராம். அரை மணி நேரம், மூச்சு விடாமல். பையிலிருந்து கிளாஸ் கொட்டியதை ஒன்று இரண்டு என்று எண்ணிக் காட்டியிருக்கிறார். "மகளே, நான் முப்பது வருஷம் ஸ்கூல் பிரின்சிபலா இருந்தவ. என்கிட்ட யாரும் கதை விட முடியாது" என்றார். மெல்பேர்னை நினைத்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 30

முதலாளி நேரில் வந்தார். துறைக்குப் போனார், அலுமாரியைப் பார்த்தார், வீரய்யா அண்ணன் வீட்டுக்கும் போனார். றொக்சன் சேர் கொழும்புக்கு மாற்றம். பெரிய ஹோட்டலாம், நீச்சல் குளம் உண்டாம்.

என்னைக் கூப்பிட்டு, திரும்பி வருகிறீர்களா, என்ன வேண்டும் என்றார். எட்டு அங்கி என்றேன். வீரய்யா அண்ணன் என்றேன். காற்றைப் பார்த்துப் படகை நிறுத்துகிற உரிமை எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டும் என்றேன். எழுத்தில் கேட்டேன். மெல்பேர்ன்காரர் எழுதித் தந்தார். புது மெனேஜர் வரும்வரை ஹோட்டலையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மே 6

வீரய்யா அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். புதுப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஏறவில்லை. அவசரப்படுத்தவில்லை. மத்தியானம் பார்த்தால் ஏறி உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அங்கியோடு.

மே 19

காலையிலிருந்து பலத்த மேல்காற்று. பதினோரு மணிக்குப் பெரிய வாகனத்தில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள், கண்டியில் பெரிய உத்தியோகத்தர்களாம். படகு வேண்டும் என்றார்கள். வீரய்யா அண்ணன் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றைக்குப் படகு இல்லை என்றேன். மெனேஜரைக் கூப்பிடச் சொன்னார்கள். நான்தான் என்றேன். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.