பின்னாலிருந்து தள்ளுகிறவன்

ஜூலை 3, 1984
சோசிகாவில், வீட்டில்தான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். எண்ணெய் பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 5
லாரிகளின் முதலாளி செனோபியா அம்மா கூப்பிட்டனுப்பினார். மலைமேல் சுரங்கத்துக்கு அரவை உருளை ஒன்று போக வேண்டும். நாற்பது டன். என் கிழட்டு டீசல் தனியாக இழுக்காது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் பாதி ஆளாகிவிடும். பின்னால் இன்னொரு லாரியை இரும்புத் தண்டால் இணைத்துத் தள்ள வேண்டும்.

"தள்ளப்போறது யாரு?"

"அப்தோன். வேற ஆள் கெடையாது, லியோன்சியோ. முறைக்காத."

"முறைக்கலம்மா."

முறைக்கவில்லைதான். அப்தோன் வீட்டில் இப்போது நியெவெஸ் இருக்கிறாள். பதினோரு வருஷம் என் மனைவியாக இருந்தவள். போன வருஷம் ஜூனில் போனாள். யாராவது கேட்டால், டயர் மாற்றியதைச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

ஜூலை 9
கிளம்பினோம். ஹாரன் ஒன்று என்றால் கியர் மாற்றப்போகிறேன், இரண்டு என்றால் நிறுத்து. அப்தோனோடு பேச்சு அவ்வளவே. கியர் விழும்வரை மொத்த எடையும் அவன்மேல். நடக்கிற வேகம்தான். இரவு மாதுகானாவில் படுத்தோம்.

ஜூலை 10
எழுதத்தான் வேண்டுமா?

சான் மத்தேயுவுக்கு மேலே கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. கியரைக் குறைத்தேன். கிளட்ச் கருகும் நாற்றம் — இன்ஜின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. பிரேக்கை மிதித்தேன். கால் சும்மா உள்ளே போனது. காற்றுக் குழாய் வெடித்திருக்கிறது. இந்தப் பழைய வண்டியில் காற்று போனால் பிரேக்கும் போச்சு.

ஒரு சாண் பின்னால் உருண்டேன். நின்றேன்.

கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. அப்தோனின் பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம். பிரேக்கில் எழுந்து நின்றபடி மொத்தத்தையும் தாங்கிக்கொண்டிருந்தான். நான் இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தேன். கை நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை?

"குதிச்சிருக்கலாமே" என்றேன்.

"நீ உள்ள இருந்தியே."

வண்டியைச் சரிசெய்ய ஆள் வரும்வரை ரோட்டோரக் கடையில் சூப் குடித்தோம். கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "அவளுக்கு ஏழு மாசம்."

எங்களுக்கு வராத குழந்தை. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஒண்ணும் தோணல. நெஜமா ஒண்ணுமே தோணல.

ஜூலை 13
உருளையை இறக்கிவிட்டோம்.

ஆகஸ்ட் 2
"அடுத்த லோடுக்கு வேற ஆளப் பிடிக்கவா? ரெண்டு பேரும் ஊமைங்க மாதிரி போய் வர்றீங்களாமே" என்றார் செனோபியா அம்மா.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்.

"அவன் மிதிக்கிறது எனக்குப் பழகிடுச்சு."

செப்டம்பர் 14
மின்மாற்றி லோடு. சான் மத்தேயுவில் டயர் கடைக்காரர் நடு ரோட்டுக்கே ஓடிவந்து கையை ஆட்டினார். சோசிகாவிலிருந்து போன் வந்ததாம். நியெவெஸுக்கு வலி கண்டுவிட்டது, குழந்தை திரும்பாமல் கிடக்கிறதாம்.

அப்தோன் இறங்கி லோடைச் சுற்றிச் சுற்றி நடந்தான். "இத எப்படி விட்டுட்டுப் போறது? எப்படிப் போறது?"

ஓரங்கட்டினோம். கட்டை கொடுத்தேன். இணைத்த தண்டை நானே கழற்றினேன். "நான் உக்காந்திருக்கேன். உன் வண்டிய எடுத்துக்கிட்டு நீ போடா."

டா என்று எப்படி வந்தது, தெரியவில்லை.

ராத்திரி முழுக்கக் குளிர். தூங்கவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் — அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. நெஞ்சு வலித்தது. எத்தனை மாதமாயிற்று இப்படி வலித்து.

செப்டம்பர் 15
மத்தியானம் வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. இறங்கி வந்து என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"பொண்ணு" என்றான். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பிறகு துணிமூட்டை ஒன்றை நீட்டினான். அவித்த உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி. நியெவெஸின் அக்கா கட்டிக் கொடுத்ததாம். "அவளுக்கு உப்பு கம்மியாப் போடுன்னு படுத்துக்கிட்டே சொன்னா நியெவெஸ். எவளுக்குன்னு அக்கா முழிச்சா. லியோன்சியோவுக்குன்னு சொன்னா. ஆபரேஷன் மயக்கம் இன்னும் தெளியல, அவன் அவள்னு மாத்தி மாத்திப் பேசுறா."

சிரித்துவிட்டோம், இருவரும்.

கிழங்கு ஆறிப்போயிருந்தது. ஒன்றுவிடாமல் தின்றேன். அப்புறம் தண்டை மாட்டினோம்.