கிணற்றோடு கட்டிய நாய்

மே 13, 2017

நான்கு மணி நேரம் படகுத்துறையில் நின்றேன். ஃபெர்ரிக்காக ஆறு வரிசை கார்கள், தப்பித்து ஓட இடமே இல்லை. அப்படியும் பதினொரு கையெழுத்துதான் கிடைத்தது. "ஹெரன் முனை விடுதியும் நம்ம நிலத்தடி நீரும்" என்று நான் ஆரம்பித்ததும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.

அந்த விடுதிக்காரன் புல்தரைக்கும் இரண்டு நீச்சல் குளத்துக்கும் மூன்று பெரிய போர் போட்டு உறிஞ்சுகிறான். கோடை வந்தால் தீவின் இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குள் கடல் புகுந்துவிடுகிறது. என் சலவைக்கடையில் எட்டு இயந்திரம், அதில் மூன்றுக்குள் துரு. வெள்ளைத் துணி அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காலைக் காபியே கரிக்கிறது. கோடையில் குளத்துக்கும் புல்லுக்கும் பெரிய போரிலிருந்து நீர் எடுக்கக் கூடாது, நான் கேட்பது அவ்வளவுதான். எழுநூறு கையெழுத்து சேர்ந்தால் நவம்பரில் மாவட்டமே வாக்குப் போட்டு அதைச் சட்டமாக்கிவிடலாம்.

ஆர்லோ துறையில் கார்களை ஏற்றி இறக்கும் வேலையில் இருக்கிறார். ஆரஞ்சுச் சட்டையும் கையில் விளக்குக் கோலுமாக என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னார்: "உன் மனுவைப் படிச்சா எனக்கே தூக்கம் வருது, வெர்னா. கட்டின புருஷன் சொல்றேன்."

மே 20

என் தோழி ஓடெட் வழி கண்டுபிடித்துவிட்டாள்! கைவிடப்பட்ட நாய்களையெல்லாம் வீட்டில் சேர்த்து வளர்க்கிறவள் அவள். இன்று என்னோடு வந்தாள். இரண்டாவது வரிசையிலேயே நின்று, "பாரு வெர்னா. ஒவ்வொரு கார்லயும் ஒரு நாய் தலைய வெளிய நீட்டிட்டு இருக்கு" என்றாள்.

உண்மைதான். அதனால் மனுவில் ஒரு பத்தி கூடியது: நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைக்கக் கூடாது. என் சமையலறை மேசையில் நானேதான் எழுதினேன். கிணறு முதல் பிரிவு, நாய் இரண்டாம் பிரிவு.

மே 27

இருநூற்று முப்பது கையெழுத்து. ஒரே நாளில்.

நவம்பர் 7

தபாலில் வந்த வாக்குகளை எண்ணி எட்டு மணிக்கு முதல் கணக்கைச் சொன்னார்கள். நூற்றுக்கு அறுபது பேர் ஆம்! பிந்தி வரும் உறைகள் பாக்கி இருக்கின்றன, ஆனால் இனி யாராலும் கவிழ்க்க முடியாது. துணி துவைக்கிற ஒருத்தி எழுதின சட்டம். பள்ளியில் என் கட்டுரையைத் திருப்பித் திருப்பி எழுதவைத்த டீச்சர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு பிரதி அனுப்பியிருப்பேன். பெருமையாக இருக்கிறது. அடக்கம் எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 28

அறுதிக் கணக்கு: 4,106 பேர் ஆம், 2,694 பேர் இல்லை. சாக்பீஸால் கடைக் கண்ணாடியில் எழுதிவைத்தேன்.

ஜனவரி 19, 2018

விடுதி வழக்குப் போட்டிருக்கிறது. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்கலாம் என்று மாவட்ட சாசனத்தில் ஒரு வரி இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். நாலாயிரம் பேர் சொன்ன பிறகு அந்த வரியை யார் பார்ப்பார்கள்?

மார்ச் 22

பார்த்தார்கள்.

நீதிபதி கோபயாஷி என் சட்டத்தை முழுசாக ரத்து செய்துவிட்டார். பதினைந்து வருஷமாக என் கடையில் மெத்தைப் போர்வை துவைக்கிற அம்மாள்! ஆறாம் நம்பர் இயந்திரம்தான் வேண்டும் என்று காத்திருந்து போடுகிறவர். நேருக்கு நேர் என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்: "வாக்களித்தவர்களில் எத்தனை பேர் கிணற்றுக்காக ஆம் என்றார்கள், எத்தனை பேர் நாய்க்காக ஆம் என்றார்கள் என்பதை இந்த நீதிமன்றத்தால் அறிய இயலாது. வாக்காளர்களாலும் இயலாது."

வெளியே வந்து கத்தினேன். "4,106 பேரு! ஒரு கறுப்பு அங்கி! எது பெருசு?"

ஆர்லோ காரை எடுத்தார். பாதி வழியில், "ஒரு டிக்கெட்ட காட்டி ரெண்டு வண்டி ஏத்தப் பாத்தா நான் விடுவேனா?" என்றார்.

"நீங்க யார் பக்கம்?"

"நான் உன் பக்கம்தான். உன் மனு அந்தப் பக்கம் நிக்குது."

இரண்டு நாளைக்கு இவரோடு பேசுவதாக இல்லை.

மார்ச் 23

பேசிவிட்டேன். காபி வடிகட்டித் தாள் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது.

மார்ச் 31

கோபயாஷி அம்மாள் போர்வையோடு வந்தார். ஆறாம் நம்பரில் "பழுது" அட்டையை மாட்டிவிட்டேன். சின்னத்தனம்தான், தெரியும். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டாம் நம்பரில் போட்டுவிட்டு உட்கார்ந்து புத்தகம் படித்தார். நான் மடித்த துண்டுகளையே மறுபடி மடித்தேன்.

தீர்ப்பை மறுபடி படித்தேன். கிணற்றைத் தப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை. நாயையும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டியதைத்தான் சொல்கிறது. கட்டினது யார்? நான். ஏன் கட்டினேன்? கிணறு மட்டும் என்றால் யாரும் கையெழுத்துப் போடவில்லை என்பதால்.

அப்படியானால் அந்த 4,106 யாருடையது?

ஏப்ரல் 8

மறுபடி இறங்குகிறேன். இந்த முறை இரண்டு அட்டை, இரண்டு மனு. நாய் ஓடெட்டுடையது, கிணறு என்னுடையது. ஓடெட் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "நாய் என்னோட வந்தா பொழச்சுக்கும். உன் கிணறு தனியா என்ன பண்ணும், பாவம்?"

மே 12

அவள் சொன்னபடியேதான். அவளுக்கு நூற்று நாற்பது, எனக்கு ஒன்பது. போன வருஷத்தை விட இரண்டு குறைவு.

மே 19

இன்று பெரிய பிளாஸ்க் எடுத்துப் போனேன். என் கடைக் குழாய்த் தண்ணீரில் போட்ட காபி, காகிதக் கோப்பை ஒரு கட்டு. கண்ணாடியை இறக்கியவர்களிடம் பேசவே இல்லை, ஊற்றி நீட்டினேன். முதல் ஆள் குடித்த வேகத்தில் ஜன்னல் வழியே துப்பினார். "கடல் தண்ணியவா காய்ச்சின?" என்றார்.

"இல்லைங்க, என் கிணத்துத் தண்ணி. விடுதிக்காரன் புல்லுக்குப் போக மிச்சம்."

பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் எழுபத்தாறு! நான்காம் வரிசையில் கோபயாஷி அம்மாளின் கார் நின்றது. கோப்பையை நீட்டப் போனேன். புன்னகையோடு கண்ணாடியை ஏற்றிவிட்டார். நீதிபதி எதிலும் கையெழுத்துப் போட மாட்டார் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்ததும் ஆறாம் நம்பரிலிருந்து அட்டையைக் கழற்றினேன்.

ஜூலை 4

கிணற்றுக்கும் எழுநூறு கையெழுத்து சேர்ந்துவிட்டது. இன்று சுதந்திர தின ஊர்வலத்தில் விடுதியின் மேலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "சலவைக்கடையும்தான் தண்ணி நிறைய இழுக்குது, இல்லையா? அடுத்த வருஷம் அதை மூடச் சொல்லி நாங்க ஒரு மனு கொண்டுவந்தா ஜனங்க போட மாட்டாங்களா?"

போடுவார்களா? தீவில் பாதிப் பேர் வீட்டில் இயந்திரம் இருக்கிறது. விடுதியை நம்பிப் பிழைக்கிறவர்கள் நானூறு பேர். நாலாயிரம் பேர் சேர்ந்து ஒருத்தியின் கடையை மூடச் சொன்னால் அது சட்டமா? அன்றைக்கு நான் எங்கே ஓடுவேன்? கோபயாஷி அம்மாளிடம்தான். படியேறி மூச்சிரைக்க ஓடுவேன். அப்போது "ஜனங்கள் சொல்லிவிட்டார்கள், நான் என்ன செய்ய" என்று அவர் கையை விரித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

மார்ச்சில் நான் தெருவில் நின்று கத்தியதை நினைத்து இன்று வெட்கப்பட்டேன். ஆர்லோவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாதத்துக்கு விளக்குக் கோலோடு வீட்டுக்குள் நடப்பார்.

நவம்பர் 6

நாய் எங்கேயோ பறக்கிறது. கிணறு முப்பத்தொரு வாக்குப் பின்னால் இருக்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை. ஓடெட் போனில், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள். உடனே அழுதுவிட்டாள். நானும்தான்.

நவம்பர் 9

பதினெட்டு பின்னால்.

நவம்பர் 14

ஆறு முன்னால்! வெளித்தீவுகளின் உறைகள் இன்னும் வர வேண்டும். இதை யாரிடமும் சொல்லாதே வெர்னா, கண்ணாடியில் எழுதாதே, வாயை மூடிக்கொண்டு துணியை மடி.

நவம்பர் 27

நாய்: 4,812 ஆம்.

கிணறு: 3,391 ஆம், 3,347 இல்லை.

நாற்பத்து நாலு பேர். போன வருஷக் கணக்கில் எழுநூறுக்கு மேல் நாயினுடையது என்று இப்போது தெரிகிறது. அந்த அம்மாள் சொன்னது சரி. எண்ணிக்கையில் இது சின்னது. ஆனால் இந்த 3,391-ஐப் பார்க்கும்போது போன வருஷம் வராத ஒரு பெருமை வருகிறது. இவர்கள் கிணற்றுக்காகப் போட்டவர்கள். நிறையப் பேர் என் உப்புக் காபியைக் குடித்தவர்கள்.

ஆர்லோ சாக்பீஸை எடுத்து அவரே கண்ணாடியில் எழுதினார். 3,391. அதன் கீழே சின்னதாக: ஒரு வண்டி.

பிப்ரவரி 21, 2019

விடுதி மறுபடி வழக்குப் போட்டது. நாற்பத்து நாலு வாக்கில் ஒரு தொழிலை முடக்கலாமா என்று அவர்கள் வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். கோபயாஷி அம்மாளின் தீர்ப்பு முக்கால் பக்கம்தான்: "கேள்வி ஒன்று. விடை ஒன்று. சாசனத்துக்கு முரணாக எதுவும் இல்லை. வித்தியாசம் சிறியது என்பது நீதிமன்றம் தலையிடக் காரணமாகாது." விடுதியின் வழக்கு தள்ளுபடி.

அதே அங்கிதான். எழுந்து நின்று கைதட்டப் போன என்னை ஆர்லோ பிடித்து உட்காரவைத்தார்.

ஜூன் 8

கோடையின் முதல் சனிக்கிழமை. விடுதியின் புல்தரை பழுப்பாகிக்கொண்டிருக்கிறது. என் காபி இன்னும் கரிக்கத்தான் செய்கிறது. கடல் பின்வாங்க இரண்டு மூன்று வருஷம் ஆகுமாம். ஆகட்டும்.

அக்கரைச் சந்தைக்குப் போக மூன்றாம் வரிசையில் காத்திருந்தேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அட்டையோடு ஓடெட்! நாய்கள் மிரளுகின்றன என்று ஜூலை நாலு பட்டாசுக்குத் தடை கேட்கும் புது மனு. பேனாவை வாங்கி, பெயரையும் பாதி எழுதிவிட்டேன். பிறகு தாளைப் புரட்டினேன். பின்பக்கத்தில் இன்னொரு பத்தி: தோட்டத்துக்குள் மான் வராமல் உயர வேலி போட அனுமதி.

"இது என்ன?"

"தோட்டக்காரங்க ஐநூறு கையெழுத்து தரேன்னாங்க வெர்னா. நல்ல விஷயம்தானே?"

எழுதின பாதிப் பெயரை அடித்தேன். "நல்ல விஷயம்தான். ரெண்டா பிரிச்சு எடுத்துட்டு வா. ரெண்டுலயும் போடறேன்."

"நீயா பேசுற? கோபயாஷி மாதிரியே இருக்கு!"

முன்னால் ஆர்லோ விளக்குக் கோலை அசைத்து எங்கள் வரிசையைக் கூப்பிட்டார். ஓடெட்டிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.