வெளியே பூட்டிய கதவு

செல்லக்குட்டிக்கு,

அத்தையை உன் கார்டியனாகப் போட்டு கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. நல்லதுதான். அங்கே எப்போதும் ஆள் இருக்கும். நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் மெக்கானிக்கான எனக்குத்தான் போன் வரும். உன்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு ஓடுவேன். போனதும் லிஃப்ட் கதவருகே நின்று, "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும். அது எங்கள் தொழில் முறை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னேன். நம் வீட்டுக் கதவை மட்டும் பேசாமல் திறந்தேன்.

ஜட்ஜம்மாவிடம் நீ உண்மையைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லச் சொன்னதே நான்தானே. கடைசியில் நீ, "அப்பாவுக்கு யாரைக் கார்டியனா போடுவீங்க?" என்று கேட்டாயாம். வக்கீல் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உன்னைப் பார்க்க வரலாமாம். ஒன்பதுக்கே தெருமுனையில் நிற்பேன்; அத்தையிடம் சொல்லாதே.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும், பூட்டில் சாவியைப் போடுவதற்கு முன்னால், "பயப்படாதம்மா, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

உன் அப்பா